உன் கண்ணீரை யாருக்கும் கடன் கொடுக்காதே

தலைவர்கள் பேசி முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைகட்டி நிற்கிறாயே, எத்தனை வருடம் நிற்பாய்?

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தும் சமாதான ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கினார்கள். உலகமே கைதட்டியது. இரண்டே ஆண்டுதான். 1995 நவம்பர் 4 இரவு ராபின் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பாலஸ்தீனியன் அல்ல, ராபினின் சொந்த நாட்டு யூத இளைஞன். 2000 ஜூலையில் இரு தரப்புத் தலைவர்களும் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இரண்டு வாரம் கூடிப் பேசிவிட்டு வெறுங்கையோடு எழுந்து போனார்கள். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். ஒருவன் சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்கிறான். இன்னொருவன் அதே சாவடியில் அனுமதிச் சீட்டை நீட்டியபடி வரிசையில் நிற்கிறான். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள்!

காத்திருக்க மறுத்தவர்களும் அந்த மண்ணில் உண்டு. இட்சாக் ஃபிராங்கன்தால் ஆச்சாரமான யூதர். 1994இல் அவருடைய மகன் அரிக்கை பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் கடத்திக் கொன்றது. மகனைப் புதைத்த கையோடு அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன்னைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப் புறப்பட்டார். 1995இல் ‘பேரன்ட்ஸ் சர்க்கிள்’ என்ற அமைப்பு பிறந்தது. பின்னர் பாலஸ்தீனக் குடும்பங்களும் வந்தன. இன்று இரு தரப்பிலும் சேர்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். உறுப்பினர் ஆக யாருமே ஆசைப்படாத சங்கம் அது.

கோபமே வரக்கூடாதா என்று கேட்காதே. இஸ்ரேலியரான ரமி எல்ஹனானுக்கு வந்தது. 1997 செப்டம்பர் 4 அன்று ஜெருசலேமின் பென் யெஹூதா தெருவில் தற்கொலைக் குண்டு வெடித்ததில் அவருடைய 13 வயது மகள் ஸ்மதார் போனாள். ரமியின் தந்தை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர் தப்பியவர். வெறுப்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஃபிராங்கன்தால் கூப்பிட்டபோது நம்பிக்கையே இல்லாமல்தான் ரமி அந்தக் கூட்டத்துக்குப் போனார். அங்கே கறுப்புடை உடுத்திய ஒரு பாலஸ்தீனத் தாய் வந்து இறங்கினாள். இறந்த குழந்தையின் படம் அவள் மார்பில் இருந்தது. தன் வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் துடிக்கிறாள் என்பது ரமிக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் இந்த வேலைதான்.

எதிர்ப்பக்கம் பஸ்ஸாம் அராமின். 17 வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போனவர், ஏழு ஆண்டு கிடந்தார். வெளியே வந்து, 2005இல் முன்னாள் இஸ்ரேலியச் சிப்பாய்களோடு எதிரெதிராக உட்கார்ந்து பேசத் தொடங்கிய சிலரில் அவரும் ஒருவர். ‘கம்பாட்டன்ட்ஸ் ஃபார் பீஸ்’ அமைப்பு அப்படித்தான் உருவானது. 2007 ஜனவரியில் சோதனை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்ற அவருடைய 10 வயது மகள் அபீரை இஸ்ரேலிய எல்லைக் காவல்படையின் ரப்பர் குண்டு கொன்றது. கைவிட்டிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பஸ்ஸாம் கைவிடவில்லை. யூத இனப்படுகொலையைப் பற்றிப் படிக்க இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அபீரின் பள்ளியில், அவள் நினைவாக, முன்னாள் இஸ்ரேலியச் சிப்பாய்கள் மண் சுமந்து விளையாட்டுத் திடல் அமைத்தார்கள்.

ரமி, பஸ்ஸாம், இந்த இரண்டு தகப்பன்களிடமும் நீ கற்க வேண்டியதை ‘மன்னிப்பு’ என்று சுருக்கிவிடாதே. மன்னிப்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர்கள் செய்தார்கள். மேடையில் நிற்பவன் உன்னிடம் ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் உன் கண்ணீரைக் கேட்கிறான். ‘உன் பிள்ளையின் ரத்தத்துக்குப் பழி வாங்குகிறேன், கொடு’ என்கிறான். உன் சாவு வீட்டை வைத்து அடுத்த சாவு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறான். தர மாட்டேன் என்றார்கள் இவர்கள். யாரை வெறுக்க வேண்டும் என்று எனக்கு எவனும் உத்தரவு போட முடியாது என்றார்கள். தன்னம்பிக்கைக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் உனக்கு?

இரு பக்கமும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. 1967 முதல் மேற்குக் கரையில் ஒரு பக்கம் ஆள்கிறது, மறுபக்கம் ஆளப்படுகிறது. ரமி காரை எடுத்தால் கிளம்பலாம், பாலஸ்தீன உறுப்பினர் கிளம்ப அனுமதிச் சீட்டு வேண்டும். அபீரைச் சுட்டவர் மேல் குற்ற வழக்கே நடக்கவில்லை. அவள் சாவுக்கு அரசு பொறுப்பு என்று 2010இல் சிவில் நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். இஸ்ரேல் பக்கம் இவர்களைத் துரோகி என்கிறார்கள், பாலஸ்தீனப் பக்கம் ஆக்கிரமிப்புக்கு வெள்ளையடிப்பவர்கள் என்கிறார்கள். ஏச்சு இரண்டு பக்கமிருந்தும் விழுகிறது. விழட்டும்!

‘நான் சாதாரண ஆள், என்னால் என்ன ஆகும்’ என்கிறாயா? இஸ்ரேலியர் யுவால் ரோத்தைப் பார். 1993இல் அவருடைய சகோதரரை ஹமாஸ் கொன்றது. பேரன்ட்ஸ் சர்க்கிளில் பழக்கமான ஒரு பாலஸ்தீனியர், நோயாளியான தன் உறவினரை சோதனைச் சாவடியிலிருந்து ஹைஃபா மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். யுவால் கார்ச் சாவியை எடுத்தார். அடுத்து இன்னொருவர் கேட்டார். கை போதவில்லை, நண்பர்களை இழுத்தார். பாடகர் லியனார்ட் கோஹன் பணம் அனுப்பினார். ‘ரோட் டு ரிக்கவரி’ அமைப்பாகப் பதிவானது. இன்று நூற்றுக்கணக்கான இஸ்ரேலியர்கள் விடியற்காலையில் சாவடி வாசலில் காத்திருந்து, புற்றுநோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் சிகிச்சை தேடி வரும் பாலஸ்தீனக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மாநாடு இல்லை, கோஷம் இல்லை. பெட்ரோல், தூக்கம் கெட்ட கண்கள், பின் சீட்டில் ஒரு தாயும் பிள்ளையும். இதைச் செய்ய எந்தப் பிரதமரின் கையெழுத்துக்காக நீ காத்திருக்கிறாய்?

கேட்பாய், எனக்குத் தெரியும்: இத்தனை செய்தும் 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல் வந்ததே? வந்தது. இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும்கூட. காஸா நோயாளிகளை ஏற்றிப்போன விவியன் சில்வர் பேயேரி கிப்புட்ஸில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 74 வயது. ‘விமன் வேஜ் பீஸ்’ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதற்கு மூன்று நாள் முன்புதான், அக்டோபர் 4 அன்று, அந்த இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் ‘விமன் ஆஃப் தி சன்’ இயக்கமும் ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் கைகோத்து நடந்திருந்தன.

தோற்றுவிட்டார்களா? தோற்றது யாருடைய கொள்கை என்று எண்ணிப் பார். மதிலும் ஏவுகணையும் பழிக்குப் பழியும் எத்தனை ஆண்டு, எத்தனை கோடிப் பணத்தோடு, முழு அதிகாரத்தோடு ஆண்டன! அவை தோற்றதற்கு, கார்ச் சாவியோடு நின்ற ஒரு கிழவியையா கணக்குக் கேட்பது?

போர் தொடங்கிய பிறகும் மேற்குக் கரைச் சாவடிகளுக்கு ‘ரோட் டு ரிக்கவரி’ கார்கள் போயின. அக்டோபர் 7இல் பெற்றோர் இருவரையும் இழந்த மவோஸ் இனோன், பல ஆண்டு முன்பே அண்ணனை இழந்த பாலஸ்தீனர் அஸீஸ் அபு சாரா, இருவரும் 2024 மே மாதம் இத்தாலியின் வெரோனா அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் போப் பிரான்சிஸைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விவியனின் மகன் யோனதான் ஸெய்கன் சமூகப் பணியாளர் வேலையை விட்டார். தாய் விட்ட வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தலைவர்கள் கையெழுத்துப் போடும்வரை பொறுத்திரு என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பார்.