சிக்கனமும் கடமையும்

பொருளைக் கட்டிவைப்பவர் ஒருவர். அதனை அவிழ்த்துப் பார்ப்பவர் வேறொருவர். இருவருக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கிடப்பின், முன்னவர் செய்த சிக்கனத்தின் விலையைப் பின்னவரே செலுத்த நேரிடும். அவரைக் கேட்டுச் செய்யவும் வழியில்லை. இந்நிலையில் அறம் யாது?

தமிழ்ப்பள்ளி ஒன்று தன் பழைய ஆண்டு மலர்களையும் மாணவர் கட்டுரைகளையும் கணினியில் ஏற்றிச் சுருக்கிக் காக்க முனைகிறது எனக் கொள்வோம். சுருக்கும் முறைகள் பல. 1989இல் அமெரிக்கரான ஃபில் காட்ஸ் உருவாக்கிய ஜிப், அதன் அமைப்பு விளக்கம் வெளியிடப்பட்டமையால், இன்று ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் திறக்கிறது. ருசியரான யூஜின் ரோஷாலின் ரார் பெரும்பாலும் அதனினும் சிறிதாகச் சுருக்கும். ஆயின் சுருக்கும் நுட்பம் உரிமையாளர் கையில் உள்ளது.

இடத்தை மிகுதியும் மிச்சப்படுத்தும் வழி, பல கோப்புகளை ஒரே தொடராகக் கோத்துச் சுருக்குவதாகும். செவன் ஜிப் மென்பொருள் இவ்வாறே செய்கிறது. ஒரு கட்டுரையில் வந்த தொடர் அடுத்த கட்டுரையிலும் வருமாயின், அதனை மீண்டும் எழுதாது, 'முன்னே காண்க' என்பது போன்றதொரு குறிப்பே அங்கு நிற்கும். இடரும் ஈண்டே பிறக்கிறது. நடுவில் ஒரு சிறு பகுதி சிதையின், அதனை நம்பிப் பின்நிற்பன யாவும் பாழாகலாம். ஜிப்போ ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குகிறது. சுவடியில் ஓர் ஏடு முறிந்தாலும் அடுத்த ஏடு படிக்கக் கிடைப்பது போல, ஒன்று கெட்டாலும் ஏனையவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம்.

மலரின் பக்கங்கள் ஜேபெக் படங்களாயின், அவை முன்னரே சுருங்கியவை. எம்முறையில் கட்டினும் சிறிதளவே குறையும். கிட்டாத ஆதாயத்துக்கு இத்துணை இடரை ஏற்பானேன்?

தமிழாசிரியர்க்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. யூனிகோடில் கோப்புப் பெயர் எழுதும் வழி ஜிப்பின் விளக்கத்தில் 2006இல்தான் இடம்பெற்றது. பழைய மென்பொருளில் 'பொங்கல் மலர்' என்னும் பெயர் பொருளற்ற குறிகளாய்த் தோன்றக்கூடும். கோப்புகளுக்கு எண்ணால் பெயரிட்டு, பொருளடக்கத்தைத் தாளில் அச்சிட்டு உடன்வைப்பது இழுக்கன்று.

வட்டினை விலைகொடுத்து வாங்கும் பள்ளிக்குச் சிக்கனம் வேண்டாவா எனலாம். வேண்டும். மிஞ்சிய இடத்தில் இரண்டாம் படியொன்று உருவாகி, அது வேறொரு கட்டடத்தில் வைக்கப்படுமாயின், அச்சிக்கனம் பின்னவர்க்கே பயன்படுகிறது. கட்டுக்குக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிவிட்டு, அச்சொல்லுடன் மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரின் எச்சரிக்கையுணர்வோ எவர்க்கும் பயன்படுவதில்லை.

ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறையில், கட்டியவரல்லாத வேறோர் ஆசிரியர் வேறொரு கணினியில் அதனைத் திறந்து பார்க்கட்டும். திறவாவிடின், கட்டியவர் இன்னும் அடுத்த அறையிலேயே இருக்கிறார், கேட்டறியலாம்.