கட்டி அனுப்பிய விண்ணப்பம்

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த சீட்டில், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்தார், வீட்டில் விரித்து எழுதிப் படங்களும் வரைந்தார். தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். கவனிப்பான், புரிந்துகொள்வான், கைவேலை சுத்தம்: மூன்றையும் அந்த ஒரு தொகுப்பே சொல்லிவிட்டது. 1813-இல் டேவியிடமே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. (முந்தைய உதவியாளர் அடிதடியில் வேலையிழந்ததால் இடம் காலியானது. அதிர்ஷ்டத்தையும் மறைப்பானேன்!)

இன்று லிங்க்ட்இன்னில் ‘கடின உழைப்பாளி’ என்று எழுதாதவர் யார்? படிக்கிறவர் கண் அதில் நிற்பதில்லை. ஃபாரடேயைப் போலச் செய்து காட்டுங்கள். கணக்கர் வேலை தேடுகிறீர்களா? தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய ஒரு மாத வரவு செலவை ஒழுங்காகப் பதிந்து, ஜிஎஸ்டி கணக்கோடு நாலு பக்கமாக்கி விண்ணப்பத்துடன் இணையுங்கள். கடையின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.