பின் சீட்டில் யார்?

உங்களிடம் ஒரு கேள்வி. விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சீட் பெல்ட் விளக்கு அணைகிறது. கைப்பிடியில் ஒரு பட்டன். அழுத்தி முதுகைத் தள்ளினால் சீட் சாயும். சாய்வது உங்கள் உரிமையா, இல்லையா?

'இதில் என்ன சந்தேகம்? காசு கொடுத்திருக்கேன், பட்டன் வெச்சிருக்கான், சாயறேன்' என்பீர்கள். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது பின் சீட்டுக்கு வாருங்கள். நீங்களும் காசு கொடுத்தவர்தான். முன்னால் இருப்பவர் படாரென்று சாய்கிறார். டிரேயில் வைத்த காபி ஆடுகிறது, முட்டி இடிக்கிறது. இப்போது சொல்லுங்கள், அந்த மூன்று நாலு அங்குலம் யாருடையது?

ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை உள்ள தூரத்தை 'சீட் பிட்ச்' என்கிறார்கள். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் இது 28-லிருந்து 30 அங்குலம்தான். அதில் சீட்டின் கனம் போக மிச்சம்தான் உங்கள் காலுக்கு. அந்த மிச்சத்தையே முன்னால் இருப்பவரிடம் 'சாய்ந்துகொள்ளுங்கள்' என்றும், பின்னால் இருப்பவரிடம் 'நீட்டிக்கொள்ளுங்கள்' என்றும் இரண்டு தடவை விற்கிறார்கள். ஒரே மனையை இப்படி இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால் போலீஸ் கேஸ் ஆகும். ஆகாயத்தில் அதற்குப் பெயர் டிக்கெட்!

விற்றவர் விமானத்தில் இருப்பதில்லை. வாங்கிய இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அதனால் அவர்களுக்குள் சண்டை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர், முன் சீட் சாயாமல் தடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டார். முன் சீட்டுப் பெண்மணி திரும்பி அவர் மேல் பானத்தை ஊற்றினார். விமானத்தையே சிகாகோவில் இறக்கி இரண்டு பேரையும் வெளியேற்றினார்கள். நாலு அங்குலத்துக்காக ஒரு விமானமே வழி மாறியது.

நம்ம ரயிலில் இதைச் சாமர்த்தியமாகத் தீர்த்திருக்கிறார்கள். நடு பெர்த்தை விரித்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. எனவே படுப்பதற்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை என்று கணக்கு. முன்பு 9 மணியிலிருந்து இருந்ததை 2017-ல் ஒரு மணி நேரம் குறைத்தார்கள். உடம்பு சரியில்லாதவர், கர்ப்பிணி, மாற்றுத் திறனாளி என்றால் மற்றவர்கள் அனுசரிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பணிப்பெண் வந்து நிமிர்த்தச் சொல்லுவார். மற்ற நேரத்துக்கு? உங்கள் மனசாட்சிதான்.

என் மனசாட்சி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானம். நாள் பூராவும் அலைந்த களைப்பு. விளக்கு அணைந்ததும் பட்டனை அழுத்தினேன், சாய்ந்தேன், தூங்கிப்போனேன். பின்னால் யார் என்று பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. எழுந்திருக்க முடியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி வரும் பெல்ட் அருகே மறுபடி பார்த்தேன். அவருடைய பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"எங்கம்மா போகணும்?"

"சிறுசேரிப்பா. பொண்ணு வீடு. அங்க ஆபீஸ்ல வேலை பார்க்கறா. வெளியில வந்து நிக்கிறேன்னா."

"நானும் சிறுசேரிதாம்மா. கால் வலிக்குதா?"

"முட்டி ஏற்கெனவே சரியில்ல. முன் சீட்டுல இருந்தவர் சாஞ்சு தூங்கிட்டார், நீட்ட முடியல. பாவம், அவருக்கு என்ன அலுப்போ! எனக்கு ஃப்ளைட்டு புதுசு. இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த முன் சீட்டுக்காரன் நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. வாசல் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். "நல்லா இருப்பே தம்பி" என்றார். பல்லாவரம் வழியாக வீடு வந்து சேரும் வரை அந்த வாழ்த்து என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

பானத்தை ஊற்றிய பெண்மணிக்குத் தன் உரிமை தெரியும். அது செய்தியாகிறது. இந்த அம்மாவுக்குத் தெரியாது. அதனால் அவர் வலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் கஷ்டமில்லை என்று நான் நினைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய தப்பு!

எங்கள் ஓ.எம்.ஆர். ஷேர் ஆட்டோவில் இதைவிட நெருக்கடி. ஆனால், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் தள்ளுகிறோம். வயசானவர் ஏறினால் ஒருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு இடம் கொடுக்கிறார். அங்கே நாம் நல்லவர்கள், விமானத்தில் கெட்டவர்களா? இல்லை. ஷேர் ஆட்டோவில் நாம் யாரை இடிக்கிறோமோ, அவர் முகம் எதிரில் இருக்கிறது. விமானத்தில் நாம் யார் மேல் சாய்கிறோமோ, அவர் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். விமானத்தில் மட்டுமா? நம்முடைய பல சௌகரியங்கள் அப்படித்தானே, யாரோ முகம் தெரியாதவர் முட்டியின் மேல்?

சாயவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இடத்தை இரண்டு தடவை விற்பவர்களைத் தட்டிக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அது நடக்கும் வரை? நான் இப்போது பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். "கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர், "தாராளமா" என்கிறார்கள். ஒரு சிலர் தயங்குகிறார்கள். அப்போது நிமிர்ந்தே உட்கார்ந்து வருகிறேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

அந்த அம்மா இங்கேதான் ஏதோ ஒரு ஃபிளாட்டில் இருப்பார். சாயங்காலம் வாக்கிங் போகும்போது, கால் விந்தி நடக்கிற வயசான அம்மா யாரைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். அவரைப் பார்த்தால் சொல்ல ஒரு வரி பாக்கி இருக்கிறது.