ஆண்டுச்சீட்டும் ஓய்வின் உரிமையும்

பல்கலைக்கழகத்தில் எம்முடன் ஒருசாலை மாணாக்கராயிருந்த நண்பரொருவர் இன்று தென் கலிபோர்ணியாவிலே பண்டசாலை ஒன்றில் வேலை செய்து வருகின்றார். அண்மையில் அவர் எமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி, ‘நான் செய்தது சரியா?’ என வினவியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அங்குள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அவர் சென்றார். நால்வருக்கும் ஒருநாட் சீட்டு. பகல் முழுவதும் பிள்ளைகள் ஓடினர், ஆடினர், சிரித்தனர். பொழுது சாய்ந்து வாயிலை நோக்கி வரும்போது ஓர் அறிவித்தல் அவர் கண்ணிற் பட்டது. அன்று வாங்கிய சீட்டை ஆண்டுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம்; கொடுத்த பணம் முழுவதும் புதிய சீட்டின் விலையிற் கழிக்கப்படும்; மிகுதியை மாதந்தோறும் கட்டலாம்; ஆயின் இவ்வசதி அன்றைய நாள் முடியும் வரைதான்.

பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தனர். ‘கொடுத்த பணம் வீணாகாது’ என்ற எண்ணம் நெஞ்சிற் பதிந்தது. நண்பர் வரிசையிலே நின்றார். நான்கு சீட்டுக்களும் ஆண்டுச்சீட்டுக்களாயின. வீடு திரும்பி, சீட்டின் விதிகளையும் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், தாம் வாங்கிய மலிவான வகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும்பாலானவையும் பள்ளி விடுமுறைக் காலங்களும் தடைநாட்கள் என்பதை அவர் கவனித்தார். அவருக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே.

செல்வம் மிகுந்த நாடொன்றின் களியாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஆயின் ஒரு சமுதாயத்தின் அறநெறி அதன் சட்டப் புத்தகங்களில் மட்டுமன்றி, அதன் சீட்டுக் கூடங்களிலும் வெளிப்படுகின்றது. நண்பரின் வினாவுக்குள்ளே வேறு மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. செலவிட்ட பணம் ‘வீணாகாமை’ என்பதன் பொருள் யாது? ஓராண்டுக் காலத்தை ஒருவர் விலைக்கு வாங்குதல் கூடுமா? ஓய்வு என்பது பண்டமா, உரிமையா? இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு எளிதாக, ஒருநாட் சீட்டு 100 டொலர் என்றும் ஆண்டுச்சீட்டு 400 டொலர் என்றும் வைத்துக்கொள்வோம். மாற்றிக்கொள்பவர் மேலும் 300 டொலர் கொடுக்கிறார். ‘இன்னும் மூன்று முறை வந்தாற் போதும், கணக்குச் சரியாகிவிடும்’ என்று அவர் எண்ணுகிறார். இக்கணக்கில் இரண்டு பிழைகள் உள. முதலாவது, சீட்டு வாங்காதிருந்தாலும் அந்த மூன்று முறையும் அவர் முழு விலை கொடுத்து வந்தேயிருப்பார் என்று அது வைத்துக்கொள்கிறது. வந்திராத நாளுக்குரிய விலையைச் ‘சேமித்ததாக’ எழுதுவது கற்பனை வரவேயன்றி வேறன்று. வரும் நாள்தோறும் உணவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் ஆகும் செலவும் அதில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது பிழை இதனினும் ஆழமானது. காலையிற் கொடுத்த 100 டொலர் மாலையில் எங்கே இருக்கின்றது? அது ஏற்கெனவே ஒரு பகலாக மாறிவிட்டது. பிள்ளைகளின் சிரிப்பாக மாறிவிட்டது. வாங்கியதைப் பெற்றுக்கொண்டாயிற்று. அவ்வாறிருக்க, சீட்டை மாற்றாவிட்டால் அப்பணம் வீண் என்று எண்ணுவோமாயின், கழிந்த பகலுக்கே மதிப்பில்லை என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். போன பணத்தைக் காப்பதற்காக மேலும் பணத்தைப் போக்கும் இம்மனப்போக்கைப் பொருளியலார் நன்கறிவர். நாம் கூறவிரும்புவது அதன் அறப்பக்கம். நல்லதொரு நாளை நல்லதொரு நாளாகவே முடியவிடாமல், அதனை அடுத்த கொள்வனவுக்கு முற்பணமாக்கிவிடுவதே அவ்வறிவித்தல் செய்யும் வேலை. அது தந்தையின் கணக்கறிவை நோக்கிப் பேசுவதில்லை. களைத்த உடலையும் பிள்ளைகளின் கெஞ்சலையும் நோக்கிப் பேசுகின்றது. ‘இன்று மட்டும்’ என்ற எல்லை அதற்காகவே இடப்படுகின்றது.

இனி ஆண்டைப் பற்றிய வினா. ரெயிலிற் பருவச்சீட்டு வாங்குவோரை நாம் அறிவோம். அவர்கள் போகவேண்டியிருப்பதனாற் சீட்டு வாங்குகிறார்கள். கேளிக்கைப் பூங்காவின் ஆண்டுச்சீட்டிலோ இவ்வுறவு தலைகீழாகின்றது. சீட்டு வாங்கியிருப்பதனாற் போகவேண்டியிருக்கின்றது. வேலைக்குப் போகும் கடமையிலிருந்து விடுபட்ட நாளிலே, ‘சீட்டுக்கு ஈடு கட்டும்’ புதிய கடமை வந்து சேர்கின்றது. விளையாட்டின் உயிர்நாடி, அது வேண்டும்போது தொடங்கி வேண்டாதபோது விடக்கூடியது என்பதே. அவ்வுரிமை போனபின் எஞ்சுவது விளையாட்டின் உருவம் மட்டுமே.

இந்நிலை ஒரே நாளில் உருவானதன்று. அதன் வளர்ச்சியைக் காண்பதற்கு அம்மாநிலத்தின் அனாஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்தின் வரலாறு துணைசெய்யும். 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி அது திறக்கப்பட்டபோது, வளர்ந்தோர் வாயிலிற் கொடுத்தது ஒரு டொலர். சிறுவர் கொடுத்தது 50 சதம். உள்ளேயுள்ள ஊர்திகளுக்கு வெவ்வேறாகக் கட்டணம். அவ்வாண்டு ஒக்டோபரில் ஏ, பி, சி என்னும் எழுத்துக்களிட்ட சீட்டுப் புத்தகம் வந்தது. 1956இல் டி, 1959இல் ஈ என்பன சேர்ந்தன. ஈ எழுத்துச் சீட்டே மிகச் சிறந்த ஊர்திகளுக்கு உரியது. அதனாற் கிளர்ச்சியூட்டும் எதனையும் அப்பெயராற் குறிக்கும் வழக்கு அமெரிக்கர் பேச்சிலே நிலைத்தது. அக்காலத்தில் ஒருவர் வாங்கியது ஓர் ஊர்தியில் ஏறும் வாய்ப்பை. ஏறினால் சீட்டுத் தீர்ந்தது. ஏறாவிட்டாற் சீட்டு மேசை இழுப்பறையிற் கிடந்தது.

1982இல் சீட்டுப் புத்தகங்கள் ஒழிந்தன. ஒரே கட்டணத்தில் நாள் முழுவதும் எனும் முறை நிலைத்தது. 1984இல் ஆண்டுச்சீட்டு வந்தது. இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஒரு மாற்றம் புலனாகும். முதலில் விற்கப்பட்டது ஒரு செயல். பின்னர் ஒரு நாள். ஈற்றில் ஓர் ஆண்டு. விற்பனைப் பொருள் விரிய விரிய, வாங்குபவன் பெறுவது மங்குகின்றது. விற்பவன் பெறுவதோ தெளிவாகின்றது. ஓர் ஊர்திச் சீட்டை வாங்கியவன் தான் பெற்றதை அறிவான். ஆண்டுச்சீட்டை வாங்கியவன் பெற்றது ஒரு வாய்ப்பை மட்டுமே. விற்பவனோ ஓராண்டுக்குரிய உறுதியான பணத்தையும், அவ்வாண்டில் அவன் உண்ணவும் வாங்கவும் திரும்பத் திரும்ப வருவான் என்ற எதிர்பார்ப்பையும் பெற்றுக்கொள்கிறான்.

‘வாய்ப்பு’ என்னும் சொல் எவ்வளவு நெகிழ்ச்சியுடையது என்பதற்குப் பின்வந்த நிகழ்ச்சிகளே சான்று. தொற்றுநோய் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட அப்பூங்கா, 2021 சனவரியிற் பழைய ஆண்டுச்சீட்டுத் திட்டத்தை முடித்துக்கொண்டது. உரியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியளிக்க ஏற்பாடு செய்தது. அவ்வாண்டு ஓகஸ்டிற் புதிய திட்டம் வந்தது. அதில் நான்கு வகைகள். மிகக் குறைந்தது 399 டொலர், மிக உயர்ந்தது 1,399 டொலர். உயர்ந்த வகைக்குத் தடைநாட்களே இல்லை என விளம்பரம் செய்யப்பட்டது. ஆயின் எந்த நாளிலும் முன்பதிவு செய்தே நுழைதல் வேண்டும். பதிவிடங்கள் வேண்டிய நாளிற் கிடைக்கவில்லை என்று வழக்கு எழுந்தது. 95 இலட்சம் டொலர் கொடுத்து 2023இல் அது தீர்த்துக்கொள்ளப்பட்டது. தடை இல்லை என்பதும் இடம் உண்டு என்பதும் ஒன்றல்ல என்பதை அச்சீட்டை வைத்திருந்தோர் கற்றுக்கொண்டனர்.

இங்கே நாம் பிரச்சினையின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். மலிவான சீட்டு எந்த நாட்களிற் செல்லாது? வாரஇறுதிகளிலும் விடுமுறை நாட்களிலுமே அது பெரிதும் செல்லாது. அவை எவருடைய நாட்கள்? கிழமை முழுவதும் உழைத்து ஒரு நாள் ஓய்பவனுடைய நாட்கள். 2016 முதல் ஒருநாட் சீட்டின் விலையும் நாளுக்கு நாள் வேறுபடலாயிற்று. கூட்டம் குறைந்த நாளிற் குறைந்த விலை; கூட்டம் மிகுந்த நாளில் உயர்ந்த விலை. கூட்டத்தைப் பகிர்ந்துவிடும் அறிவார்ந்த ஏற்பாடு இது என்று கணக்கர் கூறுவர். அது மெய்யே. ஆயின் அதன் பலன் யாதெனின், தன் நேரத்துக்குத் தானே உரிமையாளனாயிருப்பவன் மலிவாக விளையாடுகின்றான். தன் நேரத்தை விற்று வாழ்பவன் விலையுயர்ந்த நாளிலே விளையாடுகின்றான், அன்றேல் வாயிலுக்கு வெளியே நிற்கின்றான். சீட்டின் வகைகள் பணத்தினால் மட்டும் மக்களைப் பிரிக்கவில்லை, ஓய்வினாலும் பிரிக்கின்றன.

1948இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, நியாயமான அளவுக்கு வரையறுத்த வேலை நேரத்தையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உள்ளடக்கிய ஓய்வுரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் விளையாட்டையும் ஓர் உரிமையாக்கியது. எனினும் அமெரிக்காவிலே தனியார்துறைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுமுறை தரல் வேண்டும் என விதிக்கும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. அந்நாட்டு வேலைநேரச் சட்டங்களுக்கு அடிப்படையான 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டது. விடுமுறை உறுதியற்ற நாட்டிலே ‘ஓராண்டு விளையாட்டு’ விற்பனையாகின்றது. ஆண்டு எவருக்கும் சொந்தமாகுமுன் ஆண்டுச்சீட்டு வந்துவிட்டது.

இன்னொன்றும் கூறவேண்டும். ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பிலே தங்கியுள்ளது. நகரத்தின் சலுகை பெறும் விடுதித்துறை நிறுவனங்கள் உயர்ந்த அடிப்படை ஊதியம் கொடுத்தல் வேண்டும் என்று அனாஹைம் மக்கள் 2018 நவம்பரில் வாக்களித்தனர். அது தம்மைக் கட்டுப்படுத்தாது என டிஸ்னி நிறுவனம் வாதாடியது. கட்டுப்படுத்தும் என 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்காக 233 மில்லியன் டொலர் கொடுக்க நிறுவனம் இணங்கியது. பூங்காவின் சீட்டுக் கூடத்தில் இருபுறமும் நிற்பவர்கள் பகைவர் அல்லர். ஒருவன் ஊதியத்துக்கும் மற்றவன் ஓய்வுக்கும் கணக்குப் பார்க்கின்றான். இரு கணக்கும் ஒன்றே.

கேளிக்கை யாவும் மக்களை மயக்கும் சூழ்ச்சி என்று சிலர் முடிவு கட்டுவர். 1843இல் கொப்பன்கேகனில் டிவோலிப் பூங்காவைத் தொடங்கிய ஜோர்ஜ் கார்ஸ்டென்சன், மக்கள் களித்திருக்கும்போது அரசியலை நினையார் என்று மன்னனிடம் கூறி இசைவு பெற்றார் என்பது வழிவழி வரும் கதை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் தன் பிள்ளையைத் தோளிற் சுமந்து சுழல்குதிரைக்குக் கொண்டுபோகும் தொழிலாளியை ஏமாளி என்று இகழ நாம் உடன்படோம். அவன் தேடுவது மெய்யான பொருள். பூங்காவுக்கு அண்மையில் வாழும் முதியோர் சிலர் ஆண்டுச்சீட்டுடன் அங்கே மாலையில் உலாவுவதற்கும் நண்பரைச் சந்திப்பதற்கும் செல்கின்றனர். அவர்களுக்கு அது நற்பயன் தருவதே. ஆனால் உலாவவும் உரையாடவும் ஒரு பொதுவெளி வேண்டும் என்ற தேவையையே அவர்கள் விலை கொடுத்து நிறைவேற்றிக்கொள்கிறார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நண்பருக்கு நாம் எழுதிய விடை சுருக்கமானது. நீங்கள் செய்தது குற்றமன்று. பிள்ளைகளின் மகிழ்ச்சியை நீட்டிக்க விரும்பியது தந்தையின் இயல்பு. ஆயின் இனியொரு முறை இத்தகைய முடிவை வாயிலிலே செய்யாதீர்கள். வீட்டிலே, நாட்காட்டியின் முன்னே, மனைவியுடன் அமர்ந்து செய்யுங்கள். ‘எவ்வளவு சேமிக்கலாம்?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘இவ்வாண்டில் எந்நாட்கள் எம்முடையவை?’ என்று கேளுங்கள். அவ்வினாவுக்குரிய விடை உங்களுக்கு மனநிறைவு தராவிடின், அக்குறையைத் தீர்க்கும் இடம் சீட்டுக் கூடமன்று. நீங்கள் வேலை செய்யும் பண்டசாலையும் அங்குள்ள தோழர்களின் சங்கமுமே. அந்த ஞாயிற்றுக்கிழமையோ வீணாகவில்லை. அதனைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை.