அங்கிக்குள் இருந்த ஆள்

1954இல் வெளிவந்த 'ஃபாதர் பிரவுன்' படத்தின் சில காட்சிகளைப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் எடுத்தார்கள். குருவானவராக நடித்த அலெக் கின்னஸ் ஒரு மாலையில் அங்கியைக் கழற்றாமலே தங்குமிடத்துக்கு நடந்தார். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, "சுவாமி" என்று பிரெஞ்சில் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டே வந்தான். தன் பிரெஞ்சு அவனைப் பயப்படுத்திவிடும் என்று கின்னஸ் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் பையன் மாலை வணக்கம் சொல்லி, வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து மறைந்தான்.

கின்னஸ் இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். முன்பின் தெரியாத குருவிடம் ஒரு பிள்ளை இவ்வளவு நம்பிக்கையோடு வர முடியுமென்றால், அந்தத் திருச்சபை தான் கேள்விப்பட்டதுபோலச் சூழ்ச்சி நிறைந்ததாக இருக்க முடியாது என்று நடந்தபடியே யோசித்தாராம். அந்த ஆண்டுகளில் அவருடைய மகன் மத்தியூ போலியோவால் இடுப்புக்குக் கீழே முடங்கிக் கிடந்து பிறகு தேறினான். அந்த நாட்களில் கின்னஸ் வீட்டுக்குப் போகும் வழியிலிருந்த ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் போய் இருந்துவிட்டு வருவாராம். 1956இல் அவர் கத்தோலிக்கரானார்.

மன்னாரில் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முதலில் பிடிப்பது அந்த வேலிப் பொட்டுத்தான். பிறகு யாராவது கேட்பார்கள்: "ரீச்சர், அவர் சுவாமி இல்லைத்தானே? அப்ப பெடியன் ஏமாந்திட்டானா?" இல்லை என்பேன். ஏன் இல்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பெரியவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

கின்னஸைப் பலருக்கு எங்கள் நாட்டின் கித்துல்கலையில் எடுத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் கேணலாகத்தான் தெரியும். ஒஸ்கார் விருதும் அதற்குத்தான் கிடைத்தது. எனக்குப் பிடித்தவை அதற்கு முந்திய நகைச்சுவைப் படங்கள். 1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரனெட்ஸ்' படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவரே வருகிறார். அதிலொருவர் பாதிரியார், ஒருவர் சீமாட்டி, ஒருவர் கடற்படைத் தளபதி. கப்பல் மூழ்கும்போது அந்தத் தளபதி சல்யூட் அடித்தபடியே தண்ணீருக்குள் போகிறார். முகம் மாறுவதே இல்லை. பார்க்கிறவர்களிடம் சிரிப்பைக் கேட்டு நிற்காத முகம் அது. தன்னைக் காட்டாமல், தான் ஏற்ற ஆளை மட்டும் முன்னால் விட்டுவிட்டுப் பின்னுக்கு நிற்கிறார். இதைத் திறமை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. நாங்கள் செபத்தில் கேட்கிற தாழ்ச்சி இதற்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

யேசுவின் பாடுகளைக் காட்டும் பேசாலையின் உடக்குப் பாஸ் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே யேசுவும் மாதாவும் மரத்தில் செய்த உருவங்கள். ஆட்கள் பின்னால் மறைந்து நின்று அசைப்பார்கள். மரமுகம் அழாது, சனம் அழும். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் வாசிக்கக் கேட்கும்போதும் கவனித்திருக்கிறேன். வாசிக்கிறவர் தானே தேம்பத் தொடங்கினால் கேட்கிறவர்களின் அழுகை நின்றுவிடும்.

ஆட்கள் நடிக்கும் பாஸில்தான் சிக்கல் வருகிறது. எங்கள் கரையில் யேசுவாக நடித்த ஒருவர், தவக்காலம் முழுக்க ஒருசந்தி நோன்பு இருந்தவர், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கையோடு மீன்வாடியில் குடிவெறியில் கிடந்தார் என்று கதை பரவியது. "இவனைப் பார்த்தோ அழுதனாங்கள்?" என்று என் மாமி கொதித்தார். மாமி அழுதது அவரைப் பார்த்தல்ல, அவருக்கூடாக இன்னொருவரைப் பார்த்து என்று நான் சொன்னது எடுபடவில்லை.

இதே கொதிப்பு 4ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்கத் திருச்சபையைப் பிளந்தது. கலாபனைக்குப் பயந்து வேதநூல்களைக் கையளித்த குருக்களின் அருட்சாதனங்கள் செல்லாது என்றார்கள் தொனாத்தியர். புனித அகுஸ்தீனார் மறுத்தார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் பேதுருவாக இருந்தாலும் யூதாசாக இருந்தாலும், உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவருடைய வாதம். கின்னஸ் குருவே அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். சரிதான். அவர் அந்தப் பையனுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்திருந்தால் அது செல்லாது, பெரும் பிழையும்கூட. அவர் கொடுத்தது கையை மட்டும். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கக் குருப்பட்டம் வேண்டியதில்லை.

எங்கள் வரலாற்றில் இது மறுபக்கமாகவும் நடந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து புனித யோசேவாஸ் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். இங்கே அங்கியில்லாத குரு, பர்கண்டியில் குருவில்லாத அங்கி. யோசேவாசுக்குக் கதவைத் திறந்தவர்களுக்கும் ஓடி வந்த பையனுக்கும் அந்த மனிதர்களைத் தெரியாது. அவர்கள் நம்பியது செபமாலையையும் அங்கியையும். அவை நம்பத் தகுந்தவை என்று ஆக்கி வைத்தவர்கள் முன்னால் வந்து போனவர்கள். எங்களுக்கு அயலிலுள்ள தோட்டவெளியில், அப்படி முன்னால் போன வேதசாட்சிகளை நினைந்து செபிக்கிறோம். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்ற மன்னார்க் கிறிஸ்தவர்கள் அறுநூறு பேரளவில். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றுக் கனகாலம் ஆகவில்லை. பிரான்சிஸ் சவேரியாரும் தான் வரமுடியாமல் வேறொரு குருவைத்தான் அனுப்பியிருந்தார். அந்தக் குருவிடம் அவர்கள் எவ்வளவு படித்திருக்க முடியும்? ஆனாலும் உயிரைக் கொடுத்தார்கள்.

இவ்வளவு பாரமான நம்பிக்கையை வாங்குகிறவர் யார் என்பது முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே அங்கியை நம்பிக் கை கொடுத்த எத்தனையோ பிள்ளைகள் பல நாடுகளில் நாசமாக்கப்பட்டதை இன்று அறிவோம். அதை மறைத்தவர்களும் அங்கி போட்டவர்களே. அகுஸ்தீனாரின் பதில் அருட்சாதனத்தைக் காப்பாற்றுகிறது, பிள்ளையைக் காப்பாற்றாது. கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்ததல்ல அருள் என்ற போதனையைக் கேட்டு, கொடுப்பவர் எப்படியும் இருந்துவிட்டுப் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. தான் குரு இல்லை என்று கின்னசுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை தனக்கு உரியதல்ல என்றும் தெரியும். அதனால்தான் கையை இறுக்கவுமில்லை, உதறவுமில்லை. பையன் போக நினைத்தபோது போக விட்டார். அடைக்கலமாக வந்த பொருளை வைத்திருப்பது அப்படித்தான்.

முதுமையில் அவர் இன்னொரு பையனைப் பற்றியும் எழுதினார். அவர் நடித்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்ன பையன் அவன். இனி அதைப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாராம் கின்னஸ். பையன் அழுதுவிட்டான், தாய்க்குக் கோபம். கடுமையான செயல்தான், நானாக இருந்தால் அவனை அழவிட்டிருக்க மாட்டேன். ஆனால் காரணம் எனக்கு விளங்குகிறது. பர்கண்டிப் பையனின் நம்பிக்கை அவருக்கூடாக அப்பால் போனது. இந்தப் பையனின் பக்தி வேஷத்திலேயே நின்றுவிட்டது. தன்மேல் நிற்கிற பக்தியை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் கரையில் அடுத்த வருசம் பாஸுக்கு ஆள் தெரியும்போது, யேசுவாக நடித்து வெறியில் கிடந்த அந்த மனிதரை நீக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் அவருக்காகவே பேசினேன். பிறகு தனியே கூப்பிட்டு, "தம்பி, சின்னப் பிள்ளையள் உம்மை யேசு எண்டு கூப்பிட்டுப் பின்னால ஓடி வருவினம். பாஸ் முடிஞ்ச கையோட அதுகள் மறக்காதுகள். அதுகள் மறக்குமட்டும் வாடிப் பக்கம் போகாதையும்" என்றேன். கனநேரம் யோசித்துவிட்டு, "அது எவ்வளவு காலம் அக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.