சண்டை முடிஞ்சா தணிகைக்குப் போகணும்

ஓம் சரவணபவ!

இன்னிக்குப் பதிவு, லேப்டாப்பை மூடின பிறகும் மண்டைக்குள்ள வேலை ஓடிக்கிட்டே இருக்கிற தம்பி தங்கைகளுக்காக. முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

போன கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கணும்னு சென்னையிலிருந்து ஊருக்கு, கெடாருக்கு வந்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை. அதே வாரம்தான் எங்க புராஜெக்ட்ல ரிலீஸ். போட்ட அன்னிக்கு ராத்திரியே சர்வர் படுத்துடுச்சு. ஒரு எரரைச் சரி பண்ணினா இன்னொண்ணு கிளம்பும். நாலு ராத்திரி மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கல.

சூரசம்ஹாரம் அன்னிக்கு சாயங்காலம். டிவியில திருச்செந்தூர் நேரலை. என் காதுல ஹெட்செட், கால்ல பத்து பேர். அம்மா ஆசையா வந்து, "கண்ணு, சூரன் சிங்கமுகத்தோட வந்துட்டான், வந்து பாருடா"ன்னு தோளைத் தொட்டாங்க. "எனக்கு இப்ப அதெல்லாம் முக்கியமில்ல, போம்மா அந்தாண்ட!"ன்னு கத்திட்டேன். கழுத்துல துளசி மாலை, நெத்தியில விபூதி, வாயில அந்த வார்த்தை. அம்மா ஒண்ணும் பேசாம டிவி சத்தத்தைக் குறைச்சிட்டுப் போயிட்டாங்க.

ராத்திரி பதினோரு மணிக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஆனா எனக்குச் சந்தோஷமே இல்ல. கை நடுங்குது, யார் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழறேன். அம்மா பால் ஆத்திக் குடுத்துட்டு மெதுவா கேட்டாங்க: "சாமிக்கே சண்டை முடிஞ்சதும் கோவம் தணிய ஒரு மலை வேண்டியிருந்துச்சு. நீ எங்கதான்டா போவ?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் நமக்குத் தெரிஞ்ச கதையையே திரும்ப யோசிச்சுப் பார்த்தேன்.

சூரன் எப்படிப் போர் செஞ்சான்? யானைமுகம், சிங்கமுகம், அப்புறம் சொந்த முகம், கடைசியில கடல்ல மாமரம். சம்ஹார விழாவில தலை மாத்தி மாத்தி வைக்கிறாங்களே, அதான் நம்ம டிக்கெட் லிஸ்ட். ஒண்ணை மூடினா அடுத்தது வேற முகத்தோட நிக்கும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? ஆடி முதல் வெள்ளி. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோட நின்னுடுச்சுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம்ம ஊர் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. பல இடத்துல ஒவ்வொரு மெஷினா உட்கார்ந்து, அந்த ஃபைலை அழிச்சு எழுப்ப வேண்டியிருந்தது. அத்தனையையும் எழுப்பினவங்க பேர் யாருக்கும் தெரியாது.

இப்ப முருகன் பக்கம் பாருங்க. அவருக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. அப்படியும் அவர் தனியா போருக்குப் போகல. கூட வீரபாகு முதலான நவவீரர்கள். முதல்ல தூது போனதே வீரபாகுதான். ஒரு முகமும் ரெண்டு கையும் இருக்கிற நாம மட்டும் "நானே பார்த்துக்கறேன்"னு எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கறோம்.

சம்ஹாரம் முடிஞ்சதும் திருச்செந்தூர்ல என்ன நடக்குது? நிறைய பேர் கடற்கரையிலிருந்து அப்படியே பஸ் ஏறிடறோம். கோயிலுக்குள்ள அப்பதான் சாயாபிஷேகம். சுவாமிக்கு முன்னாடி கண்ணாடி வச்சு, அதுல தெரியிற பிம்பத்துக்கு அபிஷேகம் பண்ணுவாங்க. ஜெயிச்சு வந்தவருக்கு முதல்ல குளிர்ச்சி. மறுநாள்தான் திருக்கல்யாணம்.

அடுத்து திருத்தணி. சூரனோட போரிட்ட கோபம் தணிஞ்ச இடம் என்பதால தணிகைன்னு தலபுராணம் சொல்லுது. அதனாலதான் மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கிற அன்னிக்கு அங்க சம்ஹாரம் கிடையாது, சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையா பூ. யோசிங்க, படைவீடுகளே ஆறுதான். அதுல ஒரு முழு வீட்டையே தணியறதுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கார்!

கோபம் வந்தது தப்புன்னு புராணம் சொல்லல. போர்ல கோபம் வரும். அது தணியாம அடுத்த போருக்குப் போறதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டைத் தன்னோட நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல விளக்கினப்போ, அதை ஒரு நோய்னு சொல்லாம, வேலையிடத்து அழுத்தம் தீராம இழுத்துக்கிட்டே போறதால வர்ற நிலைன்னு சொன்னது. மூணு அடையாளம்: உடம்பிலயும் மனசிலயும் சக்தி வத்திப்போறது, வேலை மேல வெறுப்பு, நம்மால ஒண்ணும் ஆகலங்கிற எண்ணம். அன்னிக்கு ராத்திரி எனக்கு மூணுமே இருந்தது. நான் அதைப் பக்தி குறைஞ்சுபோச்சுன்னு நினைச்சுப் பயந்தேன். பக்தி குறையல. தணியறதுக்கு இடம் இல்லாம இருந்தேன், அவ்வளவுதான்.

"செய்யும் தொழிலே தெய்வம்தானே, ஓய்வு கேக்கறது சோம்பேறித்தனம் இல்லையா?"ன்னு சிலர் கேப்பீங்க. தொழில் தெய்வம்தான். ஆனா தெய்வமே ஓய்வெடுத்த இடத்துக்குப் படியேறிப் போய்க் கும்பிடறோமே, அதுக்கு என்ன அர்த்தம்?

அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை திருத்தணி போனேன். 365 படி. போனை ஆஃப் பண்ணிப் பையில போட்டுட்டு ஏறினேன். பாதி வழி வரைக்கும் கை தானா பையைத் தேடிச்சு. மேல போனப்புறம் தேடல. அடுத்த வாரம் எங்க லீட் கிட்ட உட்கார்ந்து பேசினேன். எல்லாம் மாறிடல. ரிலீஸ் முடிஞ்ச மறுநாள் லீவு, ராத்திரி ஆன்கால் முறை வச்சு ஆள் மாறணும், இந்த ரெண்டும் கிடைச்சது. எனக்கு அது தணிகை, இது வீரபாகு.

நீங்களும் ஒரு தணிகை வச்சுக்கோங்க. கிருத்திகையோ சஷ்டியோ செவ்வாயோ, போன் இல்லாத ஒரு மணி நேரம். எங்க பக்கத்துக்காரங்களுக்கு மயிலம் மலை இருக்கு. சூரனே மயிலா மாறி நிக்கத் தவம் பண்ணின இடம்னு சொல்வாங்க. மலை கிடைக்கலன்னா மொட்டை மாடி போதும்.

ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்க. எவ்வளவு ஓய்வெடுத்தும் தணியல, வாழவே பிடிக்கலன்னு தோணுதுன்னா, விரதத்தைக் கூட்டிக்கிட்டுத் தனியா தாங்கிக்காதீங்க. அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். அந்தப் பக்கம் எடுக்கிற குரலும் முருகன் அனுப்பின வீரபாகுதான்.

அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த சஷ்டிக்குக் கூட உட்கார்ந்து பாரு, போதும்"னாங்க. அந்த நாளுக்கு லீவு இப்பவே போட்டாச்சு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.