முகம் பார்த்தால்தான் இரக்கமா?

நல்ல போர்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும்போது நாம் வழக்கமாகச் சொல்வது இது: "என்ன இருந்தாலும் அவர்களும் மனிதர்கள்தானே." சொன்னதும் மனம் நிறைந்துவிடுகிறது. பெரிய உண்மை ஒன்றைக் கண்டுகொண்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் காலையில் எங்கோ ஓர் எல்லையில் எதிரிகள் செத்தார்கள் என்ற செய்தியைப் படித்தாலும் அதே மனம் நிறைகிறது. இந்த இரண்டு நிறைவுகளும் ஒரே நெஞ்சில் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன?

2012இல் வெளிவந்த 'இன்டு தி ஒயிட்' என்ற நார்வே நாட்டுப் படத்தை வைத்து இதை யோசிக்கலாம். இயக்கியவர் பெட்டர் நெஸ். ஹாரி பாட்டர் படங்களில் ரான் வீஸ்லியாக வந்த ரூபர்ட் கிரின்ட் இதில் பிரிட்டிஷ் படைவீரர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானத்திலிருந்து மூன்று பேர், அதை வீழ்த்திய பிரிட்டிஷ் விமானத்திலிருந்து இரண்டு பேர், பனிமலை நடுவே ஒரே குடிலில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். முதலில் துப்பாக்கி வைத்திருப்பவர் எசமானர், மற்றவர் கைதி. பிறகு துப்பாக்கி கைமாறுகிறது, எசமானரும் கைதியும் இடம் மாறுகிறார்கள். இரு தரப்புக்கும் உண்மையான எசமானர்கள் குளிரும் பசியும்தான் என்பது போகப்போக ஐவருக்கும் புரிகிறது.

படத்துக்கு வேர் உண்மைச் சம்பவம். 1940 ஏப்ரல் 27. ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஸ்குவா விமானங்கள், நார்வே மலைகளுக்கு மேலே ஹெய்ன்கெல் 111 ரக ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தின. அதிலிருந்த நால்வரில் ஹான்ஸ் ஹவுக் இறந்தார். விமானி ஹார்ஸ்ட் ஷோபிஸும் வேறு இருவரும் பிழைத்தனர். தாக்கிய ஸ்குவா ஒன்றின் எஞ்சினும் செயலிழந்து, உறைந்த ஏரி ஒன்றின் மேல் அது இறங்கியது. அதில் வந்தவர்கள் கேப்டன் ரிச்சர்ட் பார்ட்ரிட்ஜும் லெப்டினன்ட் ராபர்ட் பாஸ்டாக்கும். குரோட்லி என்ற இடத்துக்கு அருகே வேட்டைக்காரர் குடில் ஒன்றில் இந்த ஐவரும் எதிரெதிரே நின்றார்கள்.

பார்ட்ரிட்ஜ் ஒரு பொய் சொன்னார். தாங்கள் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் வந்தவர்கள் என்றார். 'உங்களை வீழ்த்தியது நாங்கள்தான்' என்பதை மறைத்தார். அரைகுறை மொழியிலும் சைகையிலும் பேச்சு நடந்தது. குடிலை ஜெர்மானியருக்கு விட்டுவிட்டுப் பிரிட்டிஷார் இருவரும் அருகிலிருந்த விடுதிக்குப் போனார்கள். மறுநாள் காலை ஜெர்மானியரும் அங்கே வர, ஐவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

இதை ஆன்மாவின் வெற்றி என்பார்கள், இறைவனின் திருவிளையாடல் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஐந்து பேரும் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். இவனைக் கொன்றால் எனக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. இவன் உயிரோடு இருந்தால் எனக்கு என்ன கெடும்? அதுவும் இல்லை. எளிய கணக்கு, எட்டு வயதுக் குழந்தை போட்டுவிடும். அரசாங்கங்களும் படைத்தலைமைகளும் போட மறுத்த அந்தக் கணக்கை ஐந்து பேரும் ஓர் இரவுக்குள் போட்டு முடித்தார்கள். அற்புதம் எதுவும் அங்கே நடக்கவில்லை. அறிவு வேலை செய்தது.

கடவுள் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்பதும் தவறில்லை. ஜெர்மன் தரைப்படைச் சிப்பாயின் இடுப்புவார்க் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' என்று பொறித்திருந்தது. அடுத்த மாதம், மே 26 அன்று, பிரிட்டன் முழுவதும் மன்னர் ஆறாம் ஜார்ஜின் அழைப்பின்பேரில் தேசியப் பிரார்த்தனை நாள் நடந்தது. தாக்கியவனும் தாக்கப்பட்டவனும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள், ஒரே சிலுவையின் கீழ் ஞானஸ்நானம் பெற்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரே கடவுளிடம் இரு தரப்பும் வெற்றி கேட்டன. குடிலுக்குள் மட்டும் யாரும் யாருக்கு எதிராகவும் வெற்றி கேட்கவில்லை, கேட்காததால்தான் பிழைத்தார்கள்.

இனி, படம் பார்த்து அழுபவர்கள் கேட்க விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

அந்த ஐவரும் சேர்ந்து சாப்பிட்ட ஏப்ரல் 28ஆம் தேதிதான் நார்வேயின் கிறிஸ்டியான்சுண்ட் நகரத்தின்மீது ஜெர்மன் விமானப்படை குண்டு போடத் தொடங்கியது. மே 2 வரை அது தொடர்ந்தது. நகரின் பெரும்பகுதி எரிந்து அழிந்தது. எட்டு நாள்களுக்கு முன்பு நாம்சோஸ் என்ற மர வீடுகள் நிறைந்த ஊருக்கும் அதே கதி நேர்ந்திருந்தது. அந்த விமானங்களில் இருந்தவர்கள் ஷோபிஸைவிடக் கொடியவர்களா? இருக்க முடியாது. அதே பயிற்சி, அதே வயது, அதே ஊர்ப் பையன்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஷோபிஸ் எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டார். அவர்கள் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து பார்த்தால் கீழே கூரைதான் தெரியும்; கூரைக்குக் கண் கிடையாது, அது கைகூப்பாது.

ஐவரும் சேர்ந்து சாப்பிட்ட பிறகு அந்த மலையிலேயே இதற்குச் சாட்சி கிடைத்தது. நார்வேப் படையினரின் பனிச்சறுக்கு ரோந்து ஒன்று அங்கே வந்தது. அந்தப் பதற்றத்தில் ஜெர்மானியர் மூவரில் ஒருவரான ஸ்ட்ருங்க் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நாட்டுக்குள் அழையாமல் நுழைந்த படையின் சீருடை அவர் கண்ணில் பட்டது. ஆனால் அதே ஸ்ட்ருங்கோடு உணவைப் பகிர்ந்த பிரிட்டிஷாரால் அவரைச் சுட்டிருக்க முடியாது. ஒரே மனிதன், ஒரே சீருடை. ஒருவருக்குச் சுடத்தக்கவன், இன்னொருவருக்குச் சுடக்கூடாதவன். நடுவில் நின்றது ஒரு வேளைச் சாப்பாடு.

ஒரு மனிதனின் உயிர் நம்மோடு அவன் சாப்பிட்டானா இல்லையா என்பதில் தொங்குமானால், அந்த அறம் என்ன அறம்?

பிரிட்டிஷார் இருவரும் தங்கள் கப்பற்படைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் பழைய வேலைக்கே போனார்கள். ஜூன் 13 அன்று திரோண்ட்ஹெய்மில் நின்றிருந்த ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்க 15 ஸ்குவாக்கள் கிளம்பின. எட்டு திரும்பவில்லை. பாஸ்டாக் இறந்தார். பார்ட்ரிட்ஜ் தீக்காயங்களோடு ஜெர்மானியரிடம் கைதியானார். ஷோபிஸோ பிரிட்டிஷாரின் கைதியாகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். குடிலில் நடந்ததெல்லாம் குடிலோடு நின்றது. 1977இல் பார்ட்ரிட்ஜும் ஷோபிஸும் மீண்டும் சந்தித்து நண்பர்களானார்கள். இதைச் சொல்லி நெகிழ்கிறவர்கள் ஹவுக்கையும் ஸ்ட்ருங்கையும் பாஸ்டாக்கையும் மறந்துவிடுகிறார்கள். அந்த மூவருக்கும் 1977 என்ற ஆண்டே வரவில்லை. முப்பத்தேழு ஆண்டு தாமதமாக வந்த நட்பின் விலையைச் செத்தவர்கள் கட்டினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "பனியும் பசியும் மனிதனைத் திருத்தும்; இயற்கையின் முன்னால் பகை கரையும்" என்பார்கள். இது உண்மையில்லை. சியாச்சினைப் பாருங்கள். 1984 முதல் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் மூச்சுத்திணறலும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. இரு தரப்பையும் ஒரே மலை கொல்கிறது. அப்படியும் 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை பத்தொன்பது ஆண்டுகள் அங்கே சுட்டுக்கொண்டார்கள். இந்தப் படம் வந்த 2012ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம், கயாரி முகாமைப் பனிச்சரிவு மூடியதில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் மாண்டார்கள். 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்சாவடி பனிக்குள் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டங்களின் கிராமத்துப் பிள்ளைகள். பனியைப் படத்திலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே பார்த்த ஊர்களுக்கு அவர்களின் உடல்கள் வந்தன.

நார்வே மலையிலும் அதே குளிர்தான், சியாச்சினிலும் அதே குளிர்தான். ஓரிடத்தில் ஒரே இரவில் பகை விழுந்தது, இன்னோரிடத்தில் பத்தொன்பது ஆண்டு நின்றது. ஏன்? குரோட்லிக் குடிலில் வானொலி இல்லை, மேலதிகாரி இல்லை, உத்தரவு வந்து சேர வழியில்லை. சியாச்சினுக்கு ஹெலிகாப்டர் போகிறது. மண்ணெண்ணெய் போகிறது, உணவு போகிறது, கூடவே உத்தரவும் போகிறது. பகை தானாக முளைக்கும் செடியாக இருந்தால் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 1914 கிறிஸ்துமஸ் அன்று மேற்குப் போர்முனையில் பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும் பதுங்குகுழிகளைவிட்டு வெளியே வந்து கைகுலுக்கியபோது, இனி இப்படி நடக்கக்கூடாது என்று தலைமைகள் தடையுத்தரவு போட்டன. மனிதன் இயல்பிலேயே பகைப்பவன் என்றால் கைகுலுக்கலுக்குத் தடை எதற்கு?

"அப்படியானால் நாட்டைக் காக்க வேண்டாமா? நாஜிகளையும் அவர்களை எதிர்த்தவர்களையும் ஒரே தட்டில் வைக்கிறாயா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வைக்கமாட்டேன். 1940 ஏப்ரல் 9 அன்று நடுநிலை நாடான நார்வேக்குள் புகுந்தது ஜெர்மனி. அதன் கண் சுவீடனின் இரும்புத் தாதுவின் மேலும், அது கப்பலேறும் நார்விக் துறைமுகத்தின் மேலும் இருந்தது. முந்தின நாளே பிரிட்டனும் நார்வேயின் கடற்பரப்பில் கண்ணிவெடி விதைத்தது உண்மை. ஆனாலும் படையெடுத்து ஊர்களை எரித்தது யார் என்பதில் ஐயமில்லை. எதிர்த்துச் சுட நார்வேக்காரருக்கு உரிமை இருந்தது. ஷோபிஸ் நல்ல மனிதர் என்பதால் அவர் ஏறிவந்த விமானத்தின் நோக்கம் நல்லதாகிவிடாது. இந்த வகைப் படங்கள் செய்யும் ஒரு தவறு, குடிலுக்குள் எல்லோரும் சமம் என்று காட்டி, குடிலுக்கு வெளியே யார் என்ன செய்தார்கள் என்பதை மறக்கடிப்பது. பகுத்தறிவு இரண்டையும் ஒருசேரச் சுமக்கச் சொல்கிறது: அநியாயத்தை எதிர்த்து நில், எதிரே நிற்பவன் மனிதன் என்பதையும் மறக்காதே. வெறுக்காமல் எதிர்க்க முடியாது என்று சொல்பவன் தன் எதிர்ப்பின் நியாயத்திலேயே நம்பிக்கை இல்லாதவன்.

இரக்கத்தை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் அதற்குக் கண் பார்வை குறைவு. பக்கத்தில் இருப்பவனைத்தான் அதற்குத் தெரியும். அழுகிற குழந்தையைக் கண்டால் உருகும். அதே குழந்தை எல்லைக்கு அப்பால், புள்ளிவிவரமாக, வேறு மதப் பெயரோடு வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. முகம் தெரியாதவனுக்கும் முகம் உண்டு என்று சொல்லத் தெரிந்தது அறிவு ஒன்றுதான். கூரையைப் பார்க்கும்போதே அதன்கீழே அடுப்பும் தொட்டிலும் இருக்கும் என்று அனுமானிப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. நெகிழ்ச்சி வருவதும் போவதும் நம் கையில் இல்லை. அனுமானிப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே அதைச் செய்யாமலிருப்பது குற்றம்.

இதற்கு மலையேற வேண்டியதில்லை, விமானம் விழ வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசிக்கு ஒரு வெறுப்பு வந்து சேரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவனை வெறுக்கச் சொல்வது யார்? வெறுக்கச் சொல்லப்பட்டவன் எனக்கு நேரடியாகச் செய்த தீங்கு என்ன? நான் வெறுத்தால் சொன்னவனுக்கு என்ன லாபம்? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைக்கும்வரை அந்த வெறுப்பை வாங்காதீர்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போர்களின் தேதிகளைச் சொல்லிக்கொடுக்கிறோம்; இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

நார்வே மலையில் ஐந்து பேர் சாவின் விளிம்புக்குப் போன பிறகு யோசிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மன்னிப்பு உண்டு. பசியும் குளிரும் அவர்களுக்கு அவகாசம் தரவில்லை. நமக்கு வயிறு நிறைந்திருக்கிறது, கூரை இருக்கிறது, நேரம் இருக்கிறது. இத்தனை வசதியோடும் யோசிக்க மறுக்கிறவனுக்கு, திரையில் எதிரிகள் கைகோப்பதைப் பார்த்து அழ எந்தத் தகுதியும் இல்லை.